அம்மா வார்டுல இருந்த 26 நாள்: எல்லாரும் கேக்குற கேள்விங்களும் எனக்கு தெரிஞ்ச பதிலும்

2023 ஆகஸ்ட்ல, இங்க சிங்கப்பூர்ல, எங்க அம்மா வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, வயசு 78, இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரில 26 நாள். ஆப்பரேஷன் நல்லா தான் பண்ணாங்க, அந்த டாக்டருங்கள கையெடுத்து கும்பிடுறேன். அதுக்கப்புறம் வார்டுல அம்மா பட்ட பாடு தான் இன்னும் மனசுல ஆறாம கெடக்கு. அன்னையிலேர்ந்து சொந்தத்துல, ஆபீஸ்ல, கோயில்ல யார் வீட்ல பெரியவங்கள அட்மிட் பண்ணாலும் எனக்கு போன் வருது, கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விங்க தான், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், இது எங்க வேணாலும் நடக்கலாம்.

அப்படி என்ன தான் நடந்துச்சு?

விழுந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. 995க்கு அடிச்சு ஆம்புலன்ஸ்ல ஏ அண்ட் ஈக்கு, அதாவது அவசர சிகிச்சை பிரிவுக்கு, கொண்டு போனோம், எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவுன்னு சொல்லிட்டாங்க, ஆனா வார்டுல பெட் இல்ல. மறுநாள் மத்தியானம் வரைக்கும் அம்மா நடைபாதை ஓரமா தள்ளுகட்டில்லயே படுத்திருந்தாங்க, தலைக்கு மேல லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, ஒரு பொட்டு தூக்கம் இல்ல. அப்புறம் வார்டு, அதுக்கு மறுநாள் ஆப்பரேஷன்.

ஆப்பரேஷன் முடிஞ்ச அடுத்த ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டுலேர்ந்து போன். உங்கம்மா கத்துறாங்க, யாரையும் கிட்ட விட மாட்டேங்குறாங்க, நீங்க கொஞ்சம் பேசுங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. போன அம்மா காதுல வெச்சா "எரியுது எரியுது, அடுப்ப அணைங்கடி"ன்னு ஒரே சத்தம். ஏதோ தூக்கத்துல பழைய வீட்டு நெனப்புல பேசுறாங்கன்னு நெனச்சுட்டு, படுங்கம்மா காலைல வரேன்னு சொல்லி வெச்சுட்டேன். அத நெனச்சா இன்னைக்கும் வயித்த பெசையுது.

காலைல போனா ரெண்டு கையிலயும் வெள்ளையா, குத்துச்சண்டைக்காரங்க போடுற கிளவ்ஸ் மாதிரி ஒண்ணு மாட்டி கட்டிலோட கட்டி வெச்சிருக்காங்க, ட்யூப புடிச்சு இழுத்தாங்களாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாரு, கன்ஃப்யூஸ்டா இருக்காங்க, வயசானவங்களுக்கு இப்படி ஆகும், பாப்போம்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்கு போயிட்டாரு. அதுக்கு மறுநாள், வார்ட தொடைக்கிற அக்கா ஒருத்தங்க, மலேசியாவுலேர்ந்து வந்து வேலை பாக்குற தமிழ் ஆளு, மாப்ப செவுத்துல சாச்சு வெச்சுட்டு என்கிட்ட வந்து மெதுவா சொன்னாங்க, "ஒண்ணுக்கு போற எடத்துல எரியுதுன்னு பாட்டி ரெண்டு நாளா சொல்லுதும்மா, நான் யார்கிட்ட போய் சொல்றது". அப்புறம் தான் நான் ஓடிப்போய் டாக்டர புடிச்சு சொல்லி, யூரின் டெஸ்ட் எடுத்து, கிருமித்தொற்றுன்னு தெரிஞ்சு, ஆண்டிபயாட்டிக் ஆரம்பிச்சாங்க. ஆப்பரேஷனுக்கு போட்ட யூரின் ட்யூப் வழியா வந்த தொற்று தான்னு டாக்டர் சொன்னாரு.

அம்மாவுக்கு பாசார் மலாய் நல்லா வரும், மார்க்கெட்ல மீன்காரர்கிட்டேர்ந்து பக்கத்து வீட்டு சீன ஆண்டி வரைக்கும் மலாய்ல தான் பேசுவாங்க. ஆனா அந்த காய்ச்சல்லயும் கொழப்பத்துலயும் மலாய் எங்கயோ போயிடுச்சு, தமிழ் மட்டும் தான் வாயில வந்துச்சு. அந்த ராத்திரி டூட்டில இருந்த நர்ஸ்ங்க பிலிப்பைன்ஸ், மியன்மார், சீனாவுலேர்ந்து வந்தவங்க. வலிக்குதுன்னு ஒரு கெழவி ரெண்டு நாளா அவங்க பாஷையில சொல்லிக்கிட்டு இருக்காங்க, ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னா கத்துறாங்க, ஒத்துழைக்க மாட்டேங்குறாங்கன்னு.

டெலிரியம்னு சொல்றாங்களே, அது மறதி நோயா?

இல்ல. எங்கம்மாவுக்கு வந்தது டெலிரியம் தான், திடீர்னு வர்ற மனக் கொழப்பம். மறதி நோய் வருஷக்கணக்குல மெல்ல மெல்ல வர்றது. டெலிரியம் ஒரு நாள்ல, சில சமயம் சில மணி நேரத்துலயே வந்துடும். காலைல நல்லா பேசிக்கிட்டு இருப்பாங்க, சாயங்காலம் ஆனதும் ஆளே மாறிடுவாங்க, இப்படி ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும். மூளைக்கு திடீர்னு தாங்க முடியாத சுமை வந்தா இப்படி ஆகுது, அதுக்கு ஒரு காரணம் இருக்கும், பல சமயம் நாலஞ்சு காரணம் சேந்து இருக்கும். கிருமித்தொற்று, வலி, மலச்சிக்கல், ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டு வெளிய வராம இருக்குறது, ஒடம்புல தண்ணி பத்தாதது, ரத்தத்துல உப்பு கொறையிறது, தூக்க மாத்திரை, சில வகை வலி மாத்திரை, ராத்திரி தூக்கம் கெட்டுப்போறது, கண்ணாடியும் காது மிஷினும் இல்லாம படுத்திருக்குறது, இதெல்லாமே காரணம். இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆப்பரேஷன் பண்ணிக்கிற பெரியவங்களுக்கு இது ரொம்ப சகஜம், ஏற்கனவே மறதி நோய் இருக்குறவங்களுக்கு இன்னும் சுலபமா வரும். சகஜம்ங்கறதுனால அப்படியே விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல, காரணத்த தேடணும், அத சரி பண்ணணும். "இது டெலிரியம் தானே, என்ன காரணம்னு பாத்தீங்களா, யூரின், வயிறு, மருந்து எல்லாம் செக் பண்ணீங்களா"ன்னு நேரா கேளுங்க. முதியோர் டாக்டர், ஜீரியாட்ரிக் டீம், அவங்க வந்து பாக்க முடியுமான்னும் கேளுங்க.

நீங்க சொல்ல வேண்டியதுல முக்கியமானது, எங்கம்மா சாதாரணமா இப்படி இருக்க மாட்டாங்கங்குறது தான். அந்த வார்டுக்கு எங்கம்மா கத்துற கெழவியா தான் அறிமுகம் ஆனாங்க, அதுக்கு முந்தி யாருன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? விழுறதுக்கு முந்தின நாள் தனியா பஸ் ஏறி தேக்கா மார்க்கெட் போய் மீன் வாங்கி மீதி சில்லறைய எண்ணி பாத்து வாங்கிட்டு வந்தவங்கன்னு நான் சொன்னப்போ தான் அந்த டாக்டர் பேனாவ எடுத்து எழுதுனாரு.

கொழப்பத்துல ஏதேதோ பேசுறாங்க, என்ன பதில் சொல்றது?

எங்கம்மா செம்பவாங்ல பிரிட்டிஷ் கடற்படை தளத்தோட (நேவல் பேஸ்) குவார்ட்டர்ஸ்ல வளந்தவங்க, தாத்தாவுக்கு டாக்யார்டுல வேலை. வெள்ளக்காரன் 1971ல பேஸ விட்டு போயிட்டான், தாத்தாவும் போய் 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அம்மா அந்த வார்டுல படுத்துக்கிட்டு "சங்கு ஊதிட்டான், அப்பாவுக்கு சோறு கொண்டு போகணும், கேரியர் எங்க வெச்ச"ன்னு எழுந்திரிக்க பாக்குறாங்க. மொத நாள் நான் விவரம் தெரியாம தாத்தா எப்பவோ செத்துட்டாரும்மான்னு சொல்லிட்டேன். அப்பத்தான் செத்த மாதிரி அழுதாங்க. அழுது முடிச்சு அர மணி நேரத்துல மறுபடியும் கேரியர் எங்கன்னு கேட்டாங்க.

ஒரு பிசியோ பொண்ணு தான் எனக்கு சொல்லி குடுத்தா, சண்ட போடாதீங்க, கூட போங்கன்னு. அதுக்கப்புறம் "தாத்தாவுக்கு நீங்க தான் கொண்டு போவீங்களா, என்ன கொழம்பு இன்னைக்கு"ன்னு கேக்க ஆரம்பிச்சேன், கருவாட்டு கொழம்பு பத்தி சொல்லிக்கிட்டே சாஞ்சு படுத்துடுவாங்க. அப்புறம் மெதுவா, இன்னைக்கு என்ன கெழம, இது ஆஸ்பத்திரி, கால்ல ஆப்பரேஷன் ஆகியிருக்கு, நான் உங்க மகன்னு சொல்லணும். பெரிய எழுத்துல தேதி எழுதுன காகிதம், ஒரு கடிகாரம், வீட்டு போர்வை, சாமி படம் இதெல்லாம் கண்ணுல படுற மாதிரி வைங்க. பகல்ல திரைய தொறந்து வெளிச்சம் பட விடுங்க. கண்ணாடிய போட்டு விடுங்க, இது ரொம்ப முக்கியம்.

எங்க மாமனார் கத்தவே இல்ல, சும்மா தூங்கிக்கிட்டே இருக்காரு. அது நல்லது தானே?

அத தான் கவனமா பாக்கணும். டெலிரியத்துல அமைதியா இருக்குற வகையும் உண்டு, கூப்ட்டா லேசா கண்ண தொறப்பாரு, அர வார்த்தை பேசுவாரு, சாப்பாடு வேணாம்பாரு, திரும்ப தூங்கிடுவாரு. யாருக்கும் தொல்லை குடுக்காததுனால யாரும் கவனிக்குறதில்ல, ஓய்வு எடுக்குறாருன்னு விட்டுடுறாங்க. நேத்து பேப்பர் படிச்சவரு இன்னைக்கு கண்ணே தொறக்கலன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

தமிழ் தெரிஞ்ச நர்ஸ் வேணும்னு கேக்கலாமா?

தாராளமா கேளுங்க. தமிழ் இங்க ஆட்சிமொழி, கேக்குறதுக்கு கூச்சப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ஒவ்வொரு ஷிப்ட்டுலயும் ஒரு தமிழ் ஆள் இருப்பாங்கன்னு யாராலயும் உறுதி குடுக்க முடியாது, அதுவும் உண்மை. வேற வார்டுல தமிழ் பேசுறவங்க இருந்தா போன்லயாவது பேச சொல்லலாம், தமிழ்நாட்டுலேர்ந்தும் மலேசியாவுலேர்ந்தும் வந்த நர்ஸ்ங்க நெறைய பேர் இருக்காங்க. ராத்திரி எத்தன மணிக்கு வேணாலும் எனக்கு போன் பண்ணுங்க, நான் மொழிபெயர்த்து சொல்றேன்னு நர்ஸ் மேனேஜர்கிட்ட சொல்லி அத ஃபைல்ல எழுத சொல்லுங்க.

எங்களுக்கு உண்மையிலயே கை குடுத்தது ஒரு ஏ4 காகிதம். கருப்பு மார்க்கர்ல வலி, எரியுது, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, தண்ணி, குளுருது, மூச்சு முட்டுதுன்னு ஏழு வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல எப்படி சொல்லணுமோ அப்படி எழுதி, பக்கத்துலயே அர்த்தமும் எழுதி தலமாட்டுல ஒட்டி வெச்சேன். அடுத்த நாள் சாயங்காலம் பிலிப்பினோ நர்ஸ் ஒருத்தங்க குனிஞ்சு அந்த காகிதத்த பாத்து பாத்து "அம்மா, வலி?"ன்னு கேட்டாங்க. அம்மா அவங்கள ஒரு நிமிஷம் உத்து பாத்துட்டு, இல்லன்னு தலைய ஆட்டி, "தண்ணி"ன்னாங்க. அவங்க விரல காகிதத்துல வெச்சு வரிசையா தேடி, அஞ்சாவது வரியில நிறுத்தி, சிரிச்சுக்கிட்டே டம்ளர எடுத்தாங்க. அட்மிட் ஆகி பதினோராம் நாள் அது. மொத நாளே எழுதி ஒட்டியிருக்கலாம்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், ஆப்பரேஷன் சம்மதம், பெரிய வியாதி செய்தி இந்த மாதிரி விஷயத்துக்கு வீட்டு பிள்ளைங்கள மட்டும் நம்பி மொழிபெயர்க்க விடாதீங்க, பயத்துல பாதிய முழுங்கிடுவோம். தமிழ் தெரிஞ்ச ஸ்டாஃப் ஒருத்தர வர சொல்லி கேளுங்க.

கைய கட்டி போடுறாங்களே, வேணாம்னு சொல்ல முடியுமா?

ஏன் கட்டுறீங்க, எவ்வளவு நேரம், எப்ப மறுபடி பாப்பீங்கன்னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. கட்டுறது வேற வழியே இல்லாதப்ப செய்யுற கடைசி வேலையா தான் இருக்கணும். எங்க விஷயத்துல யூரின் ட்யூப இழுக்குறாங்கன்னு கட்டுனாங்க, அந்த ட்யூப் எரியறதுனால தான் இழுத்தாங்க. அதனால மொதல்ல இந்த ட்யூப் இன்னும் தேவையான்னு தினமும் கேளுங்க, ட்யூப் உள்ள இருக்குற நாள் ஏற ஏற தொற்று வர்ற வாய்ப்பும் ஏறும். ட்யூப எடுத்ததும் எங்கம்மாவுக்கு கிளவ்ஸும் தேவப்படல. கூட ஆள் இருக்குற நேரத்துல கழட்டி விட சொல்லுங்க, கைய தொடச்சு, விரல நீவி விட்டு, மணிக்கட்டுல செவப்பா தடம் இருக்கான்னு பாருங்க.

முதுகு புண்ண எப்படி கண்டுபுடிக்குறது?

நான் கண்டுபுடிச்சது ஒம்பதாம் நாள், பேம்பர்ஸ் மாத்துறப்ப நானும் நின்னு பாத்தப்ப தான். முதுகு முடியுற எடத்துல, உக்காரும்போது படுற எலும்புக்கு மேல, ஒரு வெள்ளி (டாலர்) காசு அளவுக்கு தோல் உரிஞ்சு கெடந்துச்சு. அதுக்கு முந்தி ரெண்டு மூணு நாளாவது அங்க செவப்பா இருந்திருக்கும், அப்பவே பாத்திருந்தா தடுத்திருக்கலாம். செவப்பா இருக்குற எடத்த விரலால அமுக்கி எடுங்க, வெள்ளையாகி திரும்ப செவந்தா பரவால்ல, அமுக்குனாலும் செவப்பு போகலன்னா அது புண்ணோட ஆரம்பம், ஆனா நம்ம மாதிரி கருத்த தோல்ல செவப்பு சரியா தெரியாது, சூடா இருக்கா, கெட்டியா இருக்கா, வலிக்குதான்னு தொட்டு தான் பாக்கணும். முதுகு கீழ, குதிகால், இடுப்பு பக்கம், காது பின்னாடி கூட பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பி படுக்க வைக்கணும்ங்கறது வழக்கம், காத்து மெத்தை போட முடியுமான்னு கேளுங்க, குதிகால் மெத்தையில படாம கெண்டக்காலுக்கு கீழ தலகாணி வைங்க. அம்மா புண்ணு ஆற ரெண்டு மாசம் ஆச்சு.

காது மிஷின், பல்செட் எல்லாம் வீட்லயே வெச்சுட்டு போறது நல்லதா?

தொலஞ்சுபோகும்னு பயந்து வீட்ல வெச்சுட்டா அவங்களுக்கு காதும் கேக்காது, சாப்பிடவும் முடியாது, கொழப்பம் இன்னும் கூடும். கொண்டு போங்க, ஆனா பேர் எழுதுன டப்பாவோட. எங்கம்மாவோட காது மிஷின் படுக்க விரிப்போட சுருண்டு லாண்டரிக்கு போயிடுச்சுன்னு நெனைக்குறோம், கெடைக்கவே இல்ல. ஆறு நாள் காது கேக்காம படுத்திருந்தாங்க, யார் என்ன கேட்டாலும் முழிச்சாங்க, அதையும் கொழப்பம்னு தான் எழுதுனாங்க. புதுசு வாங்க சீனியருங்களுக்கு அரசாங்க சப்சிடி இருக்கு, மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்கிட்ட (ஆஸ்பத்திரில பண உதவிக்கு வழி சொல்றவங்க) கேளுங்க. கைல போட்டிருக்குற வளையல், தாலி, தோடு மட்டும் மொத நாளே கழட்டி வீட்டுக்கு கொண்டு வந்துடுங்க.

வீட்டு சாப்பாடு கொண்டு போகலாமா?

மொதல்ல கேளுங்க. ஆப்பரேஷனுக்கு முன்னாடி வாயில எதுவும் குடுக்க கூடாதுன்னு போர்டு தொங்கும், அப்ப ஒரு சொட்டு தண்ணி கூட கூடாது. கொழப்பத்துல இருக்குறவங்களுக்கும் பக்கவாதம் வந்தவங்களுக்கும் முழுங்குறதுல கோளாறு இருக்கலாம், ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பாத்து தண்ணிய கெட்டியாக்கி குடுக்க சொல்லுவாங்க, நாம பாசத்துல ஊத்துற ரெண்டு கரண்டி ரசம் நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா. அனுமதி இருந்தா கொண்டு போங்க, எங்கம்மா ஆஸ்பத்திரி போரிட்ஜ தொடவே இல்ல, வீட்லேர்ந்து கொழைய வடிச்ச சோறும் பருப்பும் கொண்டு போன அன்னைக்கு தான் எட்டு வாய் சாப்பிட்டாங்க. இந்தியன் வெஜிடேரியன், ஹலால் எல்லாம் ஆர்டர் பண்ணலாம், அட்மிஷன்லயே சொல்லிடுங்க. தட்டு வெச்சுட்டு போயிடுவாங்க, கைக்கு எட்டுதா, மூடிய தொறக்க முடியுதான்னு யாராவது பாக்கணும், பல தடவ அம்மாவோட தட்டு அப்படியே திரும்ப போயிருக்கு.

ஏ அண்ட் ஈல ஏன் இவ்வளவு நேரம்?

அங்க வந்த வரிசையில பாக்குறதில்ல, எவ்வளவு மோசம்ங்கறத வெச்சு தான். நெஞ்சு வலி, மூச்சு திணறல் வந்தவங்க மொதல்ல போவாங்க. டாக்டர் பாத்து முடிச்ச பிறகு காத்திருக்குறது பெட்டுக்காக, வயசானவங்க கூடிட்டாங்க, அவங்க தங்குற நாளும் கூடுது, குணமானவங்க போறதுக்கு அடுத்த எடம் கெடைக்கலன்னாலும் பெட் காலியாகாது. 2024ல ஊட்லண்ட்ஸ்ல புது ஆஸ்பத்திரி தொறந்தாங்க, சில வியாதிங்களுக்கு வீட்லயே வெச்சு டாக்டர் நர்ஸ் வந்து பாக்குற திட்டமும் அதே வருஷம் ஏப்ரல்லேர்ந்து வழக்கமான சேவையா ஆயிடுச்சு. காத்திருக்குற நேரத்துல வலி மருந்து, தண்ணி, டாய்லெட் இதெல்லாம் நீங்க தான் ஞாபகப்படுத்தணும். ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துட்டு போங்க, அங்க குளுரும்.

பில்லு எவ்வளவு வரும், எந்த வார்டு எடுக்கலாம்?

எவ்வளவுன்னு பொதுவா சொல்ல முடியாது, அட்மிஷன்ல ஒரு மதிப்பீடு குடுப்பாங்க, கேட்டு வாங்குங்க. அரசாங்க ஆஸ்பத்திரில பி2, சி வார்டுக்கு (ஒரே ரூம்ல பல பேர் படுக்குற வகை) தான் சப்சிடி, சிட்டிசனா இருந்து குடும்ப வருமானம் கொறச்சலா இருந்தா 80 சதவீதம் வரைக்கும். ஏ, பி1க்கு அது கெடையாது. மெடிஷீல்டு லைஃப்ங்குற அரசாங்க மருத்துவ காப்புறுதி 2015 நவம்பர்லேர்ந்து எல்லா சிட்டிசனுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசி) உண்டு, பி2, சி வார்டு பில்ல கணக்கு வெச்சு தான் அத போட்டிருக்காங்க, மொதல்ல நாம கட்ட வேண்டிய தொகையும் மீதியில நம்ம பங்கும் போக மிச்சத்த அது குடுக்கும், நாம கட்ட வேண்டியத மெடிசேவ்லேர்ந்து (நம்ம மருத்துவ சேமிப்பு கணக்கு) எடுக்கலாம், பெத்தவங்களுக்காக பிள்ளைங்க மெடிசேவையும் எடுக்கலாம். நாங்க மூணு பேர் பிரிச்சுக்கிட்டோம். 1949 கடைசிக்குள்ள பொறந்தவங்களுக்கு பயனியர் சலுகை, 1950லேர்ந்து 1959க்குள்ள பொறந்தவங்களுக்கு மெர்டெக்கா சலுகை. இவ்வளவுக்கு பிறகும் கட்ட முடியலன்னா மெடிஃபண்ட்னு ஒரு உதவி நிதி இருக்கு, 1993ல அரசாங்கம் 20 கோடி வெள்ளி போட்டு ஆரம்பிச்சது, மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் மூலமா கேக்கணும்.

பெரிய வார்டுல அம்மா கஷ்டப்பட்டாங்க, தனி ரூம் எடுத்திருந்தா நல்லா இருந்திருக்குமான்னு எங்கண்ணன் இன்னும் புலம்புறாரு. எனக்கு அப்படி தோணல. தனி ரூம்ல அந்த கூட்டுற அக்காவுக்கு அம்மா சொன்னது காதுல விழுந்திருக்காது.

தப்பு நடந்தா யார்கிட்ட சொல்றது?

நான் மொதல்ல தப்பா ஆரம்பிச்சேன், கோவத்துல அந்த நேரம் எதுத்தாப்புல நின்ன சின்ன வயசு நர்ஸ்கிட்ட சத்தம் போட்டேன், அந்த பொண்ணு அழுதுடுச்சு, அவ அன்னைக்கு தான் அந்த வார்டுல டூட்டி. மறுநாள் போய் மன்னிப்பு கேட்டேன். சத்தம் போட்டா வேலைக்கும் ஆகாது, அங்க ஸ்டாஃப திட்டுனாலோ மெரட்டுனாலோ அதுக்கு எதிரா சட்டம் இருக்கு.

மொத ஆள் நர்ஸ் மேனேஜர், பல விஷயம் அங்கயே முடிஞ்சுடும். அடுத்தது, கன்சல்டண்ட் டாக்டரோட குடும்பத்த உக்கார வெச்சு பேச ஒரு நேரம் கேளுங்க, குடும்பத்துலேர்ந்து ஒருத்தர் மட்டும் பேசுங்க, கேள்விய எழுதிக்கிட்டு போங்க. நான் மூணு தான் எழுதுனேன், எரியுதுன்னு சொன்னது எப்ப டாக்டர் வரைக்கும் போச்சு, திருப்பி படுக்க வெச்ச பதிவு எங்க, ட்யூப் ஏன் அவ்வளவு நாள் உள்ள இருந்துச்சு. அதுக்கும் பதில் வரலன்னா ஆஸ்பத்திரியோட ஃபீட்பேக் பிரிவுக்கு எழுத்துல குடுங்க, தேதி, மணி, என்ன பாத்தீங்க, இது மட்டும் போதும். நான் தினமும் ஒரு பள்ளிக்கூட நோட்டுல நேரம் போட்டு எழுதி வெச்சிருந்தேன், அது இல்லன்னா என் வார்த்தைக்கு மதிப்பே இருந்திருக்காது. டாக்டரோட நடத்தை பத்தின புகாருக்கு சிங்கப்பூர் மெடிக்கல் கவுன்சில், நர்ஸ் பத்தினதுக்கு நர்சிங் போர்டு, ரெண்டுமே நஷ்டஈடு வாங்கி குடுக்குற எடம் இல்ல. நடுவர் வெச்சு பேசி தீத்துக்குற வழியும் இருக்கு, கோர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி அத யோசிங்க.

எங்களுக்கு ஆறு வாரம் கழிச்சு ஒரு கடிதம் வந்துச்சு, மன்னிப்பு கேட்டிருந்தாங்க, அந்த வார்டுல மொழி அட்டை வெக்குறோம்னும் எழுதியிருந்தாங்க. காது மிஷினுக்கு ஒண்ணும் கெடைக்கல.

வேலைக்கு போறவங்க எப்படி கூடவே இருக்குறது?

முழு நேரமும் முடியாது, முடியும்னு நெனச்சு ஒடம்ப கெடுத்துக்காதீங்க. சாப்பாட்டு வேளையும் பொழுது சாயுற நேரமும் ரொம்ப முக்கியம், அந்த ரெண்டுக்கும் ஆள் இருக்குற மாதிரி அட்டவணை போட்டோம். எங்கண்ணன் காலைல வேலைக்கு போறதுக்கு முன்னாடி கஞ்சி ஊட்டிட்டு போவாரு, அண்ணி மத்தியானம், நான் அஞ்சு மணிக்கு மேல. பார்வையாளர் நேரத்த தாண்டியும் ஒருத்தர் இருக்க, டெலிரியம் இருக்குன்னா பல வார்டுல அனுமதிப்பாங்க, நர்ஸ் மேனேஜர்கிட்ட கேளுங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் காலைலயே முடிஞ்சுடும், அந்த நேரத்துக்கு போனயாவது ஸ்பீக்கர்ல போட சொல்லுங்க.

எல்பிஏ போடணுமா?

போடுங்க, நல்லா இருக்கும்போதே. நம்மால முடிவெடுக்க முடியாம போனா நமக்காக யார் எடுக்கணும்னு முன்கூட்டியே எழுதி வெக்குற பத்திரம் அது. அம்மாவுக்கு கொழப்பம் வந்த பிறகு அவங்க பேங்க் கணக்குலேர்ந்து ஒரு வெள்ளி எடுக்க முடியல, நாங்க பிள்ளைங்கதான்னு சொன்னா பேங்க் ஒத்துக்காது. இங்க 2010லேர்ந்து இந்த எல்பிஏ இருக்கு, இப்ப சிங்பாஸ் (அரசாங்க மின் அடையாளம்) வழியா ஆன்லைன்லயே செய்யலாம், கடைசில ஒரு டாக்டரோ வக்கீலோ நேர்ல பாத்து கையெழுத்து போடணும். சிகிச்சை விஷயத்துல பிள்ளைங்க சொல்றது தான் சட்டம்னு பலரும் நெனைக்குறாங்க, அப்படி இல்ல, நோயாளியால முடிவெடுக்க முடியலன்னா டாக்டர் அவங்களுக்கு எது நல்லதுன்னு பாத்து தான் முடிவு எடுப்பாரு, நம்மள கலந்துப்பாரு. அம்மா தெளிஞ்சதும் மொத வேலையா இத தான் செஞ்சோம்.

டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்க, அம்மாவால நடக்கவே முடியலயே?

வியாதி அளவுல போகலாம்னு அர்த்தம், வீட்ல சமாளிக்க முடியும்னு அர்த்தம் இல்ல. கம்யூனிட்டி ஆஸ்பத்திரிக்கு (உடம்பு தேறி வர்ற வரைக்கும் வெச்சு பாக்குற எடம்) அனுப்ப முடியுமான்னு கேளுங்க, ஊட்ரம், செங்காங், ஈசூன், ஜூரோங்னு பல எடத்துல இருக்கு, தினமும் பிசியோ குடுப்பாங்க. எங்கம்மா அங்க போன பிறகு தான் நடை வண்டிய புடிச்சு நின்னாங்க. வீட்டுக்கு கூட்டிட்டு போறதுன்னா பணிப்பெண்ணையும் உங்களையும் வார்டுலயே பழக்க சொல்லுங்க, கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்துறது, பேம்பர்ஸ் மாத்துறது எல்லாம் கையால செஞ்சு பாக்காம வராது. மருந்து பட்டியல்ல எது புதுசு, எது நிறுத்துனதுன்னு கோடு போட்டு வாங்குங்க. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுன்னா பாத்ரூம்ல புடிமானக் கம்பி, வழுக்காத தரை இதுக்கெல்லாம் ஈஸ்னு ஒரு திட்டம் 2012லேர்ந்து இருக்கு, 65 வயசு ஆனவங்க வீட்டுக்கு செலவுல பெரும்பங்கு அரசாங்கம் குடுக்குது. அம்மா விழுந்த பிறகு தான் நாங்க கம்பி போட்டோம். எலும்பு தேய்மானத்துக்கு மருந்து ஆரம்பிச்சாச்சான்னும் கேளுங்க, ஒரு தடவ முறிஞ்சவங்களுக்கு மறுபடியும் முறியுற வாய்ப்பு அதிகம்.

அம்மாவுக்கு அந்த நாளெல்லாம் ஞாபகம் இருக்கா?

தெளிய அஞ்சாறு வாரம் ஆச்சு. ஆப்பரேஷன் ஞாபகம் இல்ல, ஏ அண்ட் ஈ ஞாபகம் இல்ல, தாத்தாவுக்கு கேரியர் கேட்டதும் ஞாபகம் இல்ல, நான் சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டே சிரிக்குறாங்க. கைல மாட்டுன அந்த வெள்ள கிளவ்ஸ் மட்டும் ஞாபகம் இருக்கு. போன மாசம் மாவு பெசஞ்சுக்கிட்டே திடீர்னு நிறுத்தி, "நான் என்ன தப்பு பண்ணேன்னு என் கைய கட்டுனாங்க"ன்னு கேட்டாங்க. நீங்க எரியுதுன்னு சொன்னீங்கம்மா, எங்க யாருக்கும் புரியலன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் மாவு ஒட்டுன கைய திருப்பி திருப்பி பாத்துட்டு, "உனக்கும் புரியலயா"ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு உருண்ட புடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.